சித்ராதேவியின் ஏழாவது பதில்

சித்ராதேவிக்கு மூன்று பெயர்கள். மூன்று அடையாள அட்டைகளையும் லேமினேஷன் செய்து கொடுத்தவன் நான் என்பதால் இதில் சந்தேகமே வேண்டாம். சாமியப்பன் கம்பெனியில் அவள் சித்ராதேவி. பின்தெருக் கம்பெனியில் சாரதாமணி. பல்லடம் ரோட்டில் இருந்த மூன்றாவது கம்பெனியில் வள்ளியாத்தாள். முப்பது வயதுகூட ஆகாத பெண்ணுக்கு யாரய்யா வள்ளியாத்தாள் என்று பெயர் வைப்பார்கள் என்று நான் அப்போதே கேட்டேன். தொழிலாளிகள் லிஸ்டில் அந்தப் பெயருக்குத்தான் ஆள் வரவில்லை என்றார்கள். எனக்கென்ன வந்தது, அட்டையைச் சூடாக எடுத்துக் கொடுத்தேன்.

என் பெயர் பெருமாள்சாமி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து ஒரு டிடிபி கடை போட்டவன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ், ஒரு லேமினேஷன் மிஷின். என் மனைவி ஒச்சம்மாள் சாமியப்பன் கம்பெனியில் செக்கிங் வேலை. அதே செக்கிங் டேபிளில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள்தான் சித்ராதேவி. எங்கள் லைன் வீட்டில் எங்களுக்கு அடுத்த கதவும் அவளுடையதுதான். சாத்தூர்க்காரி. கணவன் கேரளாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடித்தனம் போட்டுவிட்டான். இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு மகள். என்னை அண்ணே என்பாள், ஒச்சம்மாளை மதினி என்பாள்.

கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துக்கொண்டிருந்த எனக்கு, இரண்டாயிரத்து மூன்று வாக்கில் புதுத் தொழில் ஒன்று வந்து சேர்ந்தது. பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர், ஆர்டர் கொடுக்கும் முன்னால் கம்பெனிக்கு ஓர் ஆளை அனுப்புவார். அந்த ஆள் ஃபைலும் பேனாவுமாக உட்கார்ந்து, தொழிலாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எத்தனை மணி நேரம் வேலை, பதினெட்டு வயதுக்குக் கீழே யாராவது வேலை செய்கிறார்களா, என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள், கழிப்பறையில் சோப்பு உண்டா என்று விசாரிப்பார். இதற்கு ஆடிட் என்று பெயர். பதில்கள் சரியாக இருந்தால்தான் ஆர்டர். ஆகவே திருப்பூரில் பதில்கள் எப்போதும் சரியாக இருந்தன. மற்றதையெல்லாம் சரிசெய்யப் பல மாதம் ஆகும், பதிலைச் சரிசெய்ய ஒரு சனிக்கிழமை போதும்.

சாமியப்பன் கம்பெனியில் ஹெச்.ஆர். ஆபீசராக இருந்தவன் குணா. படித்த பையன், இஸ்திரி கலையாத சட்டை. நாற்பத்திரண்டு கேள்விக்கும் பதில் எழுதிக்கொண்டு என் கடைக்கு வந்தான். நான் அதை டைப் அடித்து, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்கிற அளவுக்குச் சின்னப் புத்தகமாக்கி, முந்நூறு பிரதி போட்டுக் கொடுத்தேன். அட்டையில் முருகன் படம் போட்டால் பக்திப் புத்தகம் என்று நினைத்து யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள் என்று யோசனை சொன்னதும் நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. முருகனுக்கு எப்படி இருந்ததோ தெரியாது.

அந்தப் புத்தகத்தின் ஏழாவது பதில் எனக்கு இன்னும் மனப்பாடம். "ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கிறோம். ஒவ்வொரு ஃப்ளோரிலும் ஒரு மிஷின் இருக்கிறது. டம்ளர் தினமும் கழுவப்படுகிறது." எட்டாவது பதில், இருபத்தைந்து பெண்களுக்கு ஒரு கழிப்பறை, சோப்பு எப்போதும் இருக்கும். மிஷின் இருந்தது உண்மைதான். ஆடிட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் அதன் மேல் போர்த்திய பாலித்தீன் உறையை எடுப்பார்கள், ஆடிட்டர் வண்டி கேட்டைத் தாண்டியதும் திரும்பப் போர்த்திவிடுவார்கள். மிஷினை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள், ஒரு கீறல் கிடையாது.

இந்தப் புத்தகத்துக்கு வாத்தியார் சித்ராதேவி. சனிக்கிழமை சாயங்காலம் கேண்டீனில் பெஞ்சு மேல் ஏறி நின்று நடத்துவாள். அவளுக்கு நாக்கு தடுக்கி நான் பார்த்ததில்லை. நம்ம ஊர்ப் பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஆமாங்க, இல்லீங்க என்று இந்த ஊர்க்காரி மாதிரியே பேசுவாள். ஆடிட்டர் எப்படித் திருப்பிப் போட்டுக் கேட்டாலும் பதில் பூப்போல வந்து விழும். ஒருமுறை பின்தெருக் கம்பெனிக்காரர் அவளை ஆடிட் நாளுக்கு மட்டும் இரவல் வாங்கியிருந்தபோது, சாமியப்பன் கம்பெனியில் அவளைப் பார்த்த ஆடிட்டரே அதே வாரம் அங்கேயும் வந்துவிட்டார். உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று அவர் யோசிக்க, "அது எங்க அக்காங்க, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சாடைங்க" என்று கண் இமைக்காமல் சொன்னாள். அதற்குப் பிறகுதான் மூன்றாவது கம்பெனிக்காரரும் அவளை இரவல் வாங்க ஆரம்பித்தார்.

அவள் வகுப்பில் ஒரே ஒரு விதி. ஃபைலும் பேனாவும் வைத்துக்கொண்டு எவர் கேட்டாலும் புத்தகப் பதில்தான். கேட்கிறவர் யார் என்று யோசிக்கவே கூடாது, யோசித்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். இந்த விதி எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று சொல்கிறேன். ரேஷன் கார்டு சரிபார்க்க ஒருத்தர் ஃபைலோடு வந்தார். வீட்டில் யார் யார் என்று கேட்டார். ஒச்சம்மாள் இரண்டு பிள்ளைகளையும் இடுப்பிலும் கையிலும் வைத்துக்கொண்டு, "பதினெட்டு வயசுக்குக் கீழ யாரும் இல்லீங்க" என்றாள். அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார். பிள்ளைகளைக் கார்டில் திரும்ப ஏற்ற ஆறு மாதம் தாலுகா ஆபீசுக்கு நடந்தேன்.

சித்ராதேவி பிறக்கும்போதே இப்படி இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அவளை ஏதோ பொய்க்காரி என்று நினைத்துவிடுவீர்கள். இரண்டாயிரத்து இரண்டில் அவள் வேறொரு கம்பெனியில் இருந்தாள். அப்போது புத்தகம் கிடையாது, ஆடிட் என்றால் என்ன என்றே யாருக்கும் தெரியாது. ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து, நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாய் என்று மொழிபெயர்க்க ஆள் வைத்துக் கேட்டது. இவள் ராத்திரி ஒரு மணி என்று உள்ளதைச் சொன்னாள். அந்த அம்மா இவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு மாதத்தில் ஆர்டர் நின்று கம்பெனி மூடிவிட்டார்கள். நூற்றி நாற்பது பேருக்கு வேலை போனது. உண்மை சொன்ன வாய்க்கு ஊரில் ஒருத்தி தண்ணீர் தரவில்லை. குழாயடியில் அவள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். முத்துப்பேச்சி என்று அவளுக்கு உயிருக்கு உயிரான சிநேகிதி ஒருத்தி, நீ நல்லா இருப்பியாடி என்று நடுரோட்டில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுச் சொந்த ஊருக்கு பஸ் ஏறினாள். அன்றோடு சித்ராதேவி உள்ளதைச் சொல்கிற பழக்கத்தை விட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவே வராததற்கு இதுதான் காரணம்.

இரண்டாயிரத்து ஏழு கோடையில் சாமியப்பன் கம்பெனியின் போர்வெல் வற்றிவிட்டது. கம்பெனிக்குத் தண்ணீர் லாரி வந்தது. எங்கிருந்து வந்தது என்று லாரிக்காரனுக்குத்தான் வெளிச்சம். கழிப்பறைச் சுவரை ஒட்டிய கறுப்புத் தொட்டியில் அதை நிரப்பினார்கள். கை கழுவவும் அதுதான், குடிக்கவும் அதுதான். இரண்டு வாரத்தில் செக்கிங் டேபிளில் ஒவ்வொருத்தியாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். அடுத்த மாதம் ஆடிட். ஆகவே குணா ஒரு உத்தரவு போட்டான், லீவு லெட்டரில் பேதி என்ற வார்த்தை வரக்கூடாது, ஆடிட்டர் கண்ணில் பட்டால் தொலைந்தோம். வேறு என்ன எழுதுவது என்று கேட்டதற்குக் காதுகுத்து என்று எழுதச் சொன்னான். அந்த மாதம் அந்தக் கம்பெனியில் பதினோரு காதுகுத்து நடந்தது. குத்துவதற்குக் காது இருந்த பிள்ளைகள் மூன்று பேர்தான்.

சித்ராதேவி காதுகுத்துக்குக்கூடப் போகவில்லை. அவள் லீவு போட்டால் சனிக்கிழமை வகுப்பு யார் எடுப்பது? மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு பதினெட்டு நாள் ஓட்டினாள். சீதம் ரத்தமானது. கடைசியில் டேபிளுக்கு அடியில் மயங்கி விழுந்தபோது அள்ளிக்கொண்டு ஓடினார்கள். தொழிலாளிகளுக்கான ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏட்டில் ஏறிவிடும் என்று கம்பெனி வேனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான் குணா. மகளை நாங்கள் வைத்துக்கொண்டோம். தினமும் கடையைச் சாத்தி விட்டு மத்தியானம் போய்ப் பார்த்து வருவேன்.

அங்கே வயிற்று டாக்டர் ஆஷா. நாகர்கோவில் பக்கம். சின்ன வயது, ஆனால் பொறுமைசாலி. குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குடலின் உள்பக்கம் முழுக்கப் புண்ணாக இருக்கிறது என்றார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஃபைலைத் திறந்து, பேனாவை எடுத்துக் கேட்க ஆரம்பித்தார். எப்போது ஆரம்பித்தது, என்ன சாப்பிட்டீர்கள், என்ன தண்ணீர் குடிப்பீர்கள், கூட வேலை செய்கிறவர்கள் யாருக்காவது இப்படி உண்டா, இதற்கு முன்னால் மருந்து ஏதும் சாப்பிட்டீர்களா.

நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். தலைமாட்டில் குணா. சித்ராதேவிக்குக் கண் திறக்கவே தெம்பில்லை. ஆனால் பேனாவைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்த முயன்றாள். தண்ணீரா, ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கிறோமுங்க, ஒவ்வொரு ஃப்ளோரிலும் ஒரு மிஷின் இருக்குங்க. யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லீங்க. வெளிச் சாப்பாடு இல்லீங்க, கேண்டீன் சுத்தமா இருக்குங்க. மருந்தா, கம்பெனி நர்ஸ் கொடுத்தால் மட்டும்தாங்க. சேலைன் ஏறுகிற கையோடு அத்தனை பதிலையும் ஒரு தடுக்கல் இல்லாமல் சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்தாள். குணா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி பெருமையாகத் தலையாட்டினான்.

டாக்டர் குழம்பிப்போனார். மலப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. சாதாரணக் கிருமிக்குப் போடுகிற ஊசி மூன்று நாள் ஏறியும் ரத்தம் நிற்கவில்லை. மூன்றாவது நாள் மத்தியானம் எங்களை வைத்துக்கொண்டே சித்ராதேவியிடம் விளக்கமாகச் சொன்னார். இனி இரண்டில் ஒன்றுதான். ஒன்று, அசுத்தத் தண்ணீரில் வருகிற அமீபா. இல்லை, கிருமியே இல்லாமல் உடம்பே தன் குடலை அரித்துக்கொள்கிற ஒரு வியாதி. இரண்டாவதுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்க வேண்டும், ஆயுசுக்கும் மருந்து எடுக்க வேண்டிவரும். ஆனால் அமீபா இருக்கும்போது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றின கதைதான், குடல் ஓட்டை விழுந்து உயிருக்கே ஆபத்து. சதைத்துண்டு பரிசோதனைக்குப் போயிருக்கிறது, முடிவு வர இன்னும் நான்கு நாள் ஆகும், அதுவரை இந்த ரத்தப்போக்கோடு காத்திருக்க முடியாது.

"நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தண்ணீர் சுத்தம்தானா?"

சித்ராதேவி குணாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சாமியப்பன் கம்பெனிதான் என் கடைக்குப் பெரிய வாடிக்கை. உள்ளதைச் சொன்னால் போகிறது என் லேமினேஷன் வருமானம்தான், சொல்லாவிட்டால் போகப்போவது அவள் உயிர். இரண்டையும் தெரிந்துகொண்டே நான் தரையைப் பார்த்தேன். அவள் ஆர்.ஓ. தண்ணீர்தாங்க என்றாள். அப்படியானால் நாளைக் காலையில் ஸ்டீராய்டு ஆரம்பித்துவிடலாம் என்று டாக்டர் எழுதினார். ஆயுசுக்கும் மருந்து என்றால் அதை ஆடிட்டில் கேட்பார்களா என்று சித்ராதேவி குணாவிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

வீட்டுக்குத் திரும்பினால், வேலையிலிருந்து பாதியில் வந்த ஒச்சம்மாள் படியில் சுருண்டு கிடக்கிறாள். காலையிலிருந்து பன்னிரண்டு தடவை. அவளைத் தூக்கிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலிலேயே குணா மறித்தான். ஒரே கம்பெனியில் இரண்டாவது ஆள் என்று டாக்டருக்குத் தெரிந்தால் வம்பு, வீட்டில் சும்மா இருக்கிற பொம்பளை என்று சொல்லுங்கள் என்றான். கம்பெனி அடையாள அட்டையை அவனே ஒச்சம்மாள் கழுத்திலிருந்து கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அவசரத்தில் நானும் சரி என்று தொலைத்தேன்.

டாக்டர் ஆஷா வந்தார். ஃபைலைத் திறந்தார், பேனாவை எடுத்தார். வேலைக்குப் போகிறீர்களா என்றார். வீட்டில்தான் இருக்கிறேன் என்றாள் ஒச்சம்மாள். அதுவரை சொன்னபடி நடந்துகொண்டாள்.

"வீட்டுல என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

"ஆர்.ஓ. தண்ணிங்க. ஒவ்வொரு ஃப்ளோர்லயும் ஒரு மிஷின் இருக்குங்க. டம்ளர் தினமும் கழுவப்படுதுங்க."

டாக்டரின் பேனா நின்றது. கழிப்பறை எப்படி என்று கேட்டார். இருபத்தஞ்சு பொம்பளைக்கு ஒண்ணுங்க, சோப்பு எப்பவும் இருக்குங்க என்றாள். வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றதற்கு, பதினெட்டு வயசுக்குக் கீழ யாரும் இல்லீங்க என்று கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். உங்கள் வீடு எத்தனை மாடி என்று கேட்டார். லைன் வீடுங்க டாக்டர், ஒரே ரூம், முன்னால் சிமெண்ட் ஷீட் என்றேன். இதே வார்த்தைகளை, ஒன்றுகூட மாறாமல், மேல்மாடியில் இருக்கிற சித்ராதேவி மூன்று நாளாகச் சொல்கிறாளே, இரண்டு பேருக்கும் யார் சொல்லிக்கொடுத்தது என்றார். வண்டிப் பெட்டியில் கிடந்த புத்தகத்தை எடுத்துவந்து நீட்டினேன். எழுதினது நானில்லை டாக்டர், டைப் அடித்தது மட்டும்தான் நான் என்று சொன்னேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது. அவர் முருகன் படத்தைப் பார்த்தார், ஏழாவது கேள்வியைப் படித்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மேலே போனதும் முதல் காரியமாகக் குணாவை ரத்தம் ஏற்பாடு செய்துவரச் சொல்லி அனுப்பினார். ஃபைலை மூடி என் கையில் கொடுத்தார். பேனாவைக் கோட்டுப் பைக்குள் போட்டார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். புத்தகத்தைக் காட்டித் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அதைக் காட்டவே இல்லை.

"சித்ரா, நாளைக்கு நான் உங்க கம்பெனிக்கு ஆடிட் வரேன்னு வச்சுக்கோங்க. நீங்க என்னை ஏமாத்தணும். நான் எந்தக் கேள்வியைக் கேட்டுட்டா நீங்க மாட்டிக்குவீங்க?"

சித்ராதேவி நூற்றி நாற்பது பேர் கதையைச் சொன்னாள். முத்துப்பேச்சி மண் வாரித் தூற்றியதைச் சொன்னாள். திரும்பவும் என் வாயால் ஒரு கம்பெனி மூடினால் என் பிள்ளையை எந்த ஊரில் கொண்டுபோய் வளர்ப்பேன் என்று அழுதாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான் ஆர்டர் கொடுக்கிறவள் இல்லை, எனக்கு உன் குடலைப் பற்றி மட்டும்தான் தெரிய வேண்டும் என்றார். அதற்குப் பிறகு சித்ராதேவி வாயைத் திறந்தபோது ஆமாங்கவும் இல்லீங்கவும் எங்கேயோ போய்விட்டன. சாத்தூர்ப் பேச்சு வந்தது.

"என்ன தண்ணி குடிக்கீகன்னு கேக்கப்படாது டாக்டர். அதுக்கு நாங்க பதில் வச்சிருக்கோம். மிஷினுக்கு பிளக்கு எந்தச் செவுத்துல இருக்குன்னு கேக்கணும். ஒருத்திக்கும் தெரியாது. யாருக்காச்சும் பேதியான்னு கேக்கப்படாது. இந்த மாசம் எத்தன காதுகுத்துன்னு கேளுங்க. மாத்திர சாப்பிட்டியான்னு கேட்டா இல்லன்னுதான் வரும். எந்த மெடிக்கல்லன்னு கேளுங்க, கைய நீட்டிக் காட்டிருவாளுக."

ஒரு வாத்தியாரின் ஒழுங்கோடு அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். எந்தப் பொய் எங்கே இருக்கிறது என்று அதைக் கட்டியவளுக்குத்தானே தெரியும். லாரி வந்த தேதி, கறுப்புத் தொட்டி இருக்கிற இடம், அதன் மூடி உடைந்து எத்தனை நாள், முதலில் யாருக்கு வந்தது, அடுத்து யாருக்கு, பதினோரு பேரின் பெயர்கள், அவள் விழுங்கிய மாத்திரை என்ன நிறம், எத்தனை. டாக்டர் எதையும் எழுதவில்லை, எல்லாவற்றையும் தலைக்குள் வாங்கிக்கொண்டார். அந்த மாத்திரையால்தான் பரிசோதனையில் அமீபா மறைந்துபோயிருக்கலாம் என்றார். அன்று சாயங்காலமே புதிதாக மலம் எடுத்துச் சூடு ஆறுவதற்குள் தானே கீழே கொண்டுபோய் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நெளிந்துகொண்டிருந்தது அமீபா. ஸ்டீராய்டு என்று எழுதிய வரியை அடித்தார். எந்த மெடிக்கலிலும் கிடைக்கிற சாதாரண மாத்திரை ஒன்றை எழுதினார், ஒச்சம்மாளுக்கும் அதுதான். மூன்றாவது நாள் சித்ராதேவிக்கு ரத்தம் நின்றது. ஐந்தாவது நாள் ரசம் சாதம் கேட்டாள். நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் அழுதேன்.

முதலாளி சாமியப்பன் ஆப்பிளும் ஹார்லிக்சுமாகப் பார்க்க வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, தண்ணீரைப் பற்றி யோசிக்க அவருக்கு இதுவரை யாரும் காரணம் கொடுக்கவில்லை. ஆடிட் எட்டு நாளில், உடம்பு தேறிவிடுமா என்று விசாரித்தார். சித்ராதேவி படுத்தபடியே நிபந்தனை போட்டாள். மிஷின் இன்றிலிருந்து தினமும் ஓட வேண்டும், கறுப்புத் தொட்டியைக் கழிப்பறைப் பக்கத்திலிருந்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆடிட்டுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

"ஏன் கண்ணு, ஊட்டு ஆளாட்ட இருந்துட்டு நீயே இப்படிச் சொல்லலாமா?" என்றார் சாமியப்பன். ஆனால் செய்தார். மருதாசலம் என்ற எலக்ட்ரீஷியன் வந்து பிளக் மாட்டிக் கொடுத்தான். பாலித்தீன் உறையை எடுத்துக் கிழித்தார்கள். முதல் நாள் மிஷினிலிருந்து வந்த தண்ணீரைக் குடித்துப் பார்த்த ஒச்சம்மாள், இதற்கு ருசியே இல்லையே என்று குறை சொன்னாள்.

ஆடிட் நாள் வந்தது. பெங்களூரிலிருந்து தமிழ் தெரிந்த ஆடிட்டர். சித்ராதேவி இளைத்துப்போயிருந்தாலும் பழைய கெத்தோடு போய் உட்கார்ந்தாள். அடுத்துத் தன் முறைக்குக் காத்து நின்ற ஒச்சம்மாள் கண்ணாடித் தடுப்போரம் எல்லாவற்றையும் பார்த்தும் கேட்டும் வந்து எனக்குச் சொன்னாள். முதல் ஆறு கேள்விக்கும் பதில் பூப்போல விழுந்திருக்கிறது. எட்டு மணி நேரம்தாங்க வேலை. ஓவர்டைம் இஷ்டப்பட்டால்தாங்க. ஆடிட்டர் டிக் போட்டுக்கொண்டே வந்து ஏழாவதைக் கேட்டார்.

சித்ராதேவி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஆர் என்றாள், நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. நெசமாவே ஆர்.ஓ. தண்ணிதான் சார் என்றாள். நாற்பத்திரண்டு பதிலில் எதிலுமே நெசமாவே என்ற வார்த்தை கிடையாது. ஆடிட்டர் நிமிர்ந்து பார்த்தார். இப்படிச் சொல்லச் சொல்லி யாராவது சொன்னார்களா அம்மா என்று கனிவாகக் கேட்டார். இல்லை சார், வந்து நீங்களே பாருங்கள் என்று எழுந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய், மிஷினைத் திறந்து, ஒரு டம்ளர் பிடித்து அவரிடம் நீட்டினாள். அவர் பையிலிருந்து தன்னுடைய பாட்டிலை எடுத்துக் காட்டி, எங்கிட்ட இருக்கும்மா என்றார். நீட்டிய டம்ளரை அவளே நின்றபடி குடித்து முடித்தாள்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. குணா ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குக் கொண்டுவந்தான். நாற்பத்தொரு கேள்விக்கு நேராகத் திருப்தி. ஏழாவதுக்கு நேராக மட்டும் இரண்டு வரி: தொழிலாளி தயங்கினார், பதில் சொல்லிக்கொடுக்கப்பட்டதாகத் தெரிகிறது, மறு ஆய்வு தேவை. ஆர்டர் கிடைத்துவிட்டது, அதனால் குணாவுக்குக் கோபமில்லை. ஏழாவது பதிலை இன்னும் கொஞ்சம் நன்றாக மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள் அண்ணா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் வேலை விட்டு வந்த சித்ராதேவிக்கு அந்தத் தாளைக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொய்யச் சொல்லும்போது ஒரு தடவகூட நாக்கு தடுக்கலையேண்ணே" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல வகுப்பு நடந்தது. நான் புதுப் பிரதிகளைக் கொடுக்கப் போயிருந்தேன். கேண்டீனில் எழுபது எண்பது பெண்கள் தலைக்கு ஒரு டம்ளர் மிஷின் தண்ணீரோடு உட்கார்ந்து, ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கிறோம் என்று சேர்ந்து ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். சித்ராதேவி பெஞ்சு மேல் நின்றிருந்தாள். இன்னொரு தடவை சொல்லுங்க, அழுகாமச் சொல்லுங்க என்றாள்.